மேடையும் மேசையும்

ஜெஞ்சாரோம்காரர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் டோங் சென் ஆலயத்தின் விளக்கு விழாவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்து குவியும். உள்ளூர்க்காரர்கள் கடைக்குப் போகக்கூட நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த விழாவுக்கு வருகிறவர் சுற்றிப் பார்க்கிறார், படம் பிடிக்கிறார், எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார். அவ்வளவு செய்தாலே அந்த விழாவுக்குப் போதும். கோலாலம்பூரில் டிசம்பர் மாதம் நடக்கும் காமிக் ஃபியஸ்டாவுக்கு முதல்முறை போகும் இளைஞர்களும் பெரும்பாலும் இதே எண்ணத்தோடுதான் போகிறார்கள். வரிசையில் நின்று, மேடையை எட்டிப் பார்த்து, வேடமிட்டவர்களோடு நாலு படம் எடுத்து, பெரிய நிறுவனத்தின் கடையில் ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு, கால்வலியோடு ரயிலேறுகிறார்கள். ‘இதற்கா இவ்வளவு தூரம்?’ என்ற கேள்வி அப்போது எழுந்தால் அதில் வியப்பில்லை. அவர்கள் விழாவின் ஓரத்தைச் சுற்றிவிட்டு, நடுப்பகுதிக்குள் நுழையாமலே திரும்பியிருக்கிறார்கள். அந்த நடுப்பகுதி ஓவியர்களின் மேசைகள் இருக்கும் கூடம். நேரம், பணம், கால்பலம் மூன்றையும் அந்தக் கூடத்துக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மேடைக்கும் மற்றவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

காமிக் ஃபியஸ்டா 2002-இல் தொடங்கியது. அனிமே, காமிக்ஸ், வீடியோ விளையாட்டு ஆகியவற்றின் ரசிகர்கள், தங்களைப் போன்ற ரசிகர்களுக்காகக் கூட்டிய கூட்டம் அது. இன்று கேஎல்சிசி மாநாட்டு மையத்தின் பெரிய கூடங்களை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பிறகும், தொண்டர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. வழக்கமாகக் கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு சனி, ஞாயிறு. உள்ளே நுழைந்தால் மூன்று உலகங்கள். ஒன்று, நிறுவனங்களின் கடைகள்: புதிய விளையாட்டு, அதிகாரபூர்வப் பொம்மை, ஆளுயர விளம்பரப் பலகை. இரண்டு, மேடை: வெளிநாட்டு விருந்தினர், பாட்டு, வேடப்போட்டி. மூன்றாவது, நீளநீளமாக வரிசை கட்டிய சிறு மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் ஒருவரோ இருவரோ உட்கார்ந்திருப்பார்கள்; பின்னால் கம்பிச் சட்டத்தில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும்; முன்னால் ஒட்டுப்படங்கள், சாவிக்கொத்துகள், சொந்தச் செலவில் அச்சடித்த சிறு காமிக்ஸ் புத்தகங்கள். முதல் இரண்டு உலகங்களும் வேறு இடங்களிலும் கிடைக்கும். பொம்மையைப் பேரங்காடியில் வாங்கலாம், மேடை நிகழ்ச்சியைப் போன் திரையில் பார்க்கலாம். வரைந்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றாவது உலகம் மட்டும் ஆண்டில் சில நாள்களுக்குத்தான் கூடிக் கலைகிறது.

இது ஏதோ தனிப்பட்ட ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய விழாக்களின் வரலாறே இதைச் சொல்கிறது. தோக்கியோவில் காமிக்கெட் என்ற சந்தை 1975 டிசம்பர் 21-ஆம் தேதி முதன்முதலாகக் கூடியது. அன்று கடை விரித்தவை 32 குழுக்கள், வந்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். ஆண்டுக்கு இரண்டு முறை லட்சக்கணக்கானோர் வரும் அளவுக்கு அது பெருத்த பின்னும் ஒரு கொள்கையை விடவில்லை. விற்பவர், வாங்குபவர், நடத்துபவர் எல்லாரும் சமமான பங்கேற்பாளர்கள். வாடிக்கையாளர் என்று அங்கே யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்து உதாரணம் அமெரிக்காவின் சான் டியேகோ காமிக் கான். 1970-இல் சில நூறு பேரோடு தொடங்கிய அந்த விழா, பிற்பாடு ஹாலிவுட்டின் முன்னோட்ட மேடையாக மாறியது. 6,000 பேருக்கு மேல் உட்காரும் ‘ஹால் எச்’ அரங்கில் இடம் பிடிக்க மக்கள் முந்தைய இரவே நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். அதே விழாவில் 44 ஆண்டுகள் விடாமல் கடை போட்ட மைல் ஹை காமிக்ஸ் என்ற பழைய புத்தக வணிகர், செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2017-இல் விலகிக்கொண்டார். மேடை பெரிதாகப் பெரிதாக, விழாவை வளர்த்தவர்களுக்கே அங்கே இடம் சுருங்குகிறது. கோலாலம்பூரில் அந்த நிலை இன்னும் வரவில்லை. மேசைகள் ஏராளமாக இருக்கின்றன, வரைபவர்களும் இளையவர்களாக, பேசக்கூடியவர்களாக இருக்கிறார்கள். இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்வதுதான் புத்தி.

இனி நேரக் கணக்கு. ஜெஞ்சாரோமிலிருந்து கோலாலம்பூருக்கு நேராகக் காரில் போவது சுலபமாகத் தோன்றும். விழா நாளில் கேஎல்சிசி வட்டாரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடும் பாட்டை நினைத்தால் அந்தச் சுலபம் கரைந்துவிடும். கிள்ளான் நிலையம் வரை யாராவது கொண்டுபோய் விட்டால் அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல். அங்கே கெளானா ஜெயா தடத்து எல்ஆர்டிக்கு மாறி, கோம்பாக் திசையில் ஐந்தாவது நிலையம் கேஎல்சிசி. சூரியா கேஎல்சிசி பேரங்காடிக்குள் புகுந்து, மாநாட்டு மையம் வரை வெயில் மழை படாமல் சுரங்க நடைபாதையிலேயே போய்விடலாம். கொமுட்டர் அடிக்கடி வருவதில்லை. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அரைமணி நேரமோ அதற்கு மேலோ போய்விடும். கால அட்டவணையை முதல்நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு சரியாக வரும். நுழைவு வரிசைக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக, உள்ளே உருப்படியாகக் கிடைப்பது ஐந்து மணி நேரம். பெயர்பெற்ற ஒரு விருந்தினரை மேடையருகில் பார்க்க வேண்டுமென்றால், இடம் பிடிப்பதிலும் நிகழ்ச்சியிலுமாக இரண்டு மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஐந்தில் இரண்டைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு, கூட்டம் நகர்ந்த பக்கம் நகர்ந்து இழப்பது வேறு. பங்சாரில் குடியிருப்பவர் மறுநாளும் வரலாம். பந்திங் சாலையில் குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே திட்டம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே கூடத்தின் வரைபடமும் மேசை எண்களும் சமூக ஊடகங்களில் வரத் தொடங்கும். ஓவியர்களும் என்ன கொண்டு வருகிறார்கள், என்ன விலை என்பதை ஒரே படமாகப் போட்டு அறிவிப்பார்கள். அவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு மேசைகளைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் குறித்தால் போதாதா என்றால், ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது அலைவரிசை இழுபறியாகும், மின்கலமும் தீரும். பணத்துக்கும் இதுவே காரணம். பெரும்பாலான மேசைகளில் கியூஆர் வழியாகப் பணம் செலுத்தலாம். ஆனால் இணையம் தடுமாறும் நேரத்தில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகள் வைத்திருப்பவர்தான் முந்துவார். நூறு வெள்ளி நோட்டை நீட்டி ஓர் ஒட்டுப்படம் கேட்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் தொல்லை. மறக்கக்கூடாத இன்னொரு பொருள் கெட்டியான ஒரு கோப்பு அட்டை. ஓவிய அச்சுகளைச் சுருட்டி முதுகுப்பையில் திணித்தால், கிள்ளான் ரயிலின் நெரிசலைத் தாண்டி அவை வீடு வந்து சேரும்போது மடிப்பும் கசங்கலுமாகத்தான் இருக்கும். தண்ணீர், மின்னேற்றி, நல்ல காலணி ஆகியவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பேரங்காடியின் உணவு வளாகங்கள் உண்டு, ஆனால் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அங்கே தட்டோடு நிற்கத்தான் இடம் கிடைக்கும். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். அல்லது கையில் இருப்பதைக் கொறித்துச் சமாளித்துவிட்டு, திரும்பும் வழியில் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடாக முடித்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் மேல்.

சனியா, ஞாயிறா? ஒரு குறிப்பிட்ட ஓவியரின் குறிப்பிட்ட புத்தகம் வேண்டும் என்றால் சனி காலை. கைக்காசு போட்டு அச்சடிப்பவர்கள் குறைவாகத்தான் அச்சடிப்பார்கள், நல்லது முதல்நாளே தீர்ந்துவிடும். பேசத்தான் போகிறேன் என்றால் ஞாயிறு பிற்பகல். அப்போது கூட்டம் கொஞ்சம் தளரும், மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். ‘இந்தப் பக்கத்தில் ஏன் இந்த நிறம்?’, ‘எந்த அச்சகத்தில் அடித்தீர்கள்?’, ‘எத்தனை பக்கம் வரைய எவ்வளவு நாளானது?’ போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாத ஓவியர் அபூர்வம். பின்னால் ஆள் நின்றால் நகர்ந்துவிடுங்கள். தொங்கும் படங்களைக் கேட்காமல் போனில் படம் பிடிக்காதீர்கள், அது அவருடைய சரக்கு. பேரம் பேசாதீர்கள். பசார் மாலாமில் பேரம் நடக்கலாம். இங்கே மேசை வாடகை, அச்சுக்கூலி, பயணச் செலவு எல்லாம் கழித்து அவருக்கு மிஞ்சுவது பல நேரங்களில் அடுத்த ஆண்டின் அச்சுக்கூலி மட்டும்தான்.

இதற்கு எழும் மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது வலுவானது: நுழைவுச்சீட்டின் காசே விருந்தினர்களுக்காகத்தானே, ஜப்பானிலிருந்து ஒரு குரல்நடிகர் வரும்போது அதை விட்டுவிட்டு யாரோ ஒரு கல்லூரி மாணவியின் மேசைக்கு முன்னால் நிற்பதா? அந்த ஒருவருக்காகவே பல ஆண்டு காத்திருந்தவர் மேடைக்குத்தான் போக வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒருவரை. கையொப்பம் வாங்கத் தனி அனுமதியோ குலுக்கலோ இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் மேடையிலிருந்து நாற்பது வரிசை தள்ளி நின்று பெரிய திரையில்தான் அவரைப் பார்ப்பீர்கள். ஜெஞ்சாரோமில் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்தாலும் அதே திரைதான். மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கல்லூரி மாணவியை எப்படிக் கணக்கிலிருந்து தள்ளுவது? எரிக்கா எங் என்ற மலேசிய ஓவியர் இணையத்தில் வரைந்த ‘ஃபிரைட் ரைஸ்’, ஓவியக் கல்லூரிக் கனவோடு பத்து பகாட்டிலிருந்து கோலாலம்பூர் வரும் ஓர் இளம்பெண்ணின் கதை. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை, சிறந்த இணையக் காமிக்ஸ் பிரிவில், 2020-இல் அது வென்றது. சிற்றூரில் உட்கார்ந்து வரைபவர் உலகத்துக்குத் தெரியவரக் காலம் பிடிக்கலாம். தெரியவந்த பிறகு அவர் எதிரில் ஐந்து நிமிடம் நின்று பேச முடியாது.

இரண்டாவது மறுப்பு பெற்றோர்களுடையது. இந்தப் படங்களும் ஒட்டுகளும் இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே, பயணச் செலவு வேறு எதற்கு? பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் கணிசமானவை யாரோ வரைந்ததைக் கேட்காமல் எடுத்து அடித்தவை. அந்தக் காசு வரைந்தவரிடம் போவதில்லை. இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வியும் உண்டு. மேசைகளில் விற்பதிலும் பாதிக்கு மேல் அடுத்தவர் உருவாக்கிய பாத்திரங்களின் படங்கள்தானே? உண்மை. கறாராகப் பார்த்தால் அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை. பெரும்பாலான உரிமையாளர்கள் சிறு அளவிலான ரசிகர் படைப்புகளைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதால் ஓடுகிறது. ஆகவே கையில் இருக்கும் பணத்தில் பாதியையாவது ஓவியரின் சொந்தக் கதைக்கும் சொந்தப் பாத்திரத்துக்கும் ஒதுக்குங்கள். நருட்டோ படம் எங்கும் கிடைக்கும். அந்தச் சிறுபுத்தகம் அந்த மேசையில் மட்டும்தான்.

வேடம் பற்றிய கவலையும் பெற்றோருக்கு உண்டு. பிள்ளை சாயமும் பொய்முடியுமாகக் கிளம்புவதைக் கண்டு பதறுபவர்கள், அது இன்று நேற்று வந்த பித்து அல்ல என்பதை அறிய வேண்டும். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மேனும் மர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களாக உடுத்தி வந்தார்கள். இருவரின் உடைகளையும் தைத்தவர் டக்ளஸ். வேடமும் ஒரு கைவேலைதான், தையலும் அட்டைவேலையும் ஒப்பனையும் கற்றுக்கொடுக்கிறது. நடைமுறையில் இரண்டே எச்சரிக்கைகள். ஒன்று, துப்பாக்கி போன்ற கருவி உங்கள் வேடத்தில் இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொமுட்டரில் ஏறாதீர்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் விட்டுவைக்கவில்லை. ஏற்பாட்டாளர்களின் விதிகளைப் படித்து, அனுமதி உள்ளதை மட்டும், பையில் மூடி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு, வேடமிட்ட யாரையும் கேட்காமல் படம் எடுக்கவோ தொடவோ கூடாது. உங்கள் மகளோ தங்கையோ வேடமிட்டுப் போகிறாள் என்றால், யாராவது தொல்லை கொடுத்தால் உடனே அருகிலிருக்கும் தொண்டரிடம் சொல்லும்படி முன்பே சொல்லி அனுப்புங்கள்.

கடைசி மறுப்புதான் நம்மவர்களிடம் அதிகம் கேட்பது. ‘அங்கே தமிழ் எங்கே இருக்கிறது? சீனமும் ஆங்கிலமும் ஜப்பானிய எழுத்துமாக இருக்கும் இடத்தில் நமக்கென்ன வேலை?’ தமிழ் அங்கே குறைவு என்பதை மறுக்க முடியாது. தமிழ்க் காமிக்ஸுக்கு மரபு இல்லாமல் இல்லை. சிவகாசியில் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் இன்றுவரை வெளிவருகின்றன. அவற்றின் வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் கூடிப் பதிப்பாசிரியரோடு நேருக்கு நேர் வழக்காடுகிறார்கள். பளபளப்பான மேடை எதுவும் இல்லாத அந்தச் சந்திப்பு, நாம் இவ்வளவு நேரம் பேசிவரும் மேசைக்கூடத்தின் தமிழ் வடிவம்தான். சென்னைக்குக் காமிக் கான் வந்ததோ 2024-இல். ஆக இந்த வரிசையில் நாம் பின்தங்கியவர்கள்கூட அல்ல. கோலாலம்பூரில் நம் வீட்டு வாசலிலேயே இருபது ஆண்டுக்கும் மேலாக ஒரு விழா நடந்துகொண்டிருக்க, உள்ளே போய் மேசை போடாதவர்கள். ‘போபோய்போய்’ தொடரில் கோபாலும், ‘உப்பின் இப்பின்’ தொடரில் ராஜூவும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளை மற்றவர்கள் வரைந்துவிட்டார்கள். ஓவியர் லாட் 1979-இல் ‘கம்போங் பாய்’ வெளியிட்டபோது பேராக் கிராமத்துச் சிறுவனின் கதையை உலகம் படிக்குமா என்று தயங்கிக்கொண்டிருக்கவில்லை. லங்காட் ஆற்றுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமும், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும், கிள்ளான் தெங்கு கெளானா சாலையின் தீபாவளிக் கூட்டமும் யாராவது வரையக் காத்திருக்கின்றன. மேசை கொடுப்பவர்கள் மொழி பார்த்துக் கொடுப்பதில்லை.

விண்ணப்பித்த எல்லாருக்கும் மேசை கிடைத்துவிடாது என்பதும் உண்மை. அறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே வரும், மாதிரிப் படங்கள் கேட்பார்கள். முதல் ஆண்டு பார்வையாளராகப் போய், மேசைகளைச் சுற்றி, அச்சகம், செலவு, விற்பனை பற்றி விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டின் விண்ணப்பம் மலைப்பாக இருக்காது. தனியாக முடியாவிட்டால் இருவர் சேர்ந்து ஒரு மேசையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஜெஞ்சாரோமிலும் பந்திங்கிலும் தெலுக் பங்லிமா காராங்கிலும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தெரிந்தால், இந்த டிசம்பரில் இரண்டு நுழைவுச்சீட்டாக வாங்குங்கள்.